பழைய லப்டொப், லினக்ஸ், பாமினி: யாழ்ப்பாணத்தில் என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உறவினர், அயலவர், ரியூசன் பிள்ளைகள் என்று யார் கேட்டாலும் அவர்களுடைய கணினியில் லினக்ஸ், அதாவது விண்டோஸுக்குப் பதிலாகப் பாவிக்கக்கூடிய இலவச இயங்குதளம், போட்டுக் கொடுப்பது என் வழக்கம். திரும்பத் திரும்ப ஒரே கேள்விகள் வருவதால் பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன். இவை என் சொந்தக் கருத்துகள். காசு கொடுத்து வாங்கிய ஒரு பொருள் எந்த நாளில் பயனற்றுப் போகிறது என்பதை அதை வைத்திருப்பவர்தான் தீர்மானிக்க வேண்டும், விற்ற கொம்பனிக்கு அந்த உரிமை இல்லை என்று உறுதியாக நம்புகிறேன். கீழே உள்ள பதில்கள் எல்லாம் அங்கிருந்துதான் வருகின்றன.

விண்டோஸ் 10 முடிந்துவிட்டதாம். லப்டொப்பை மாற்றத்தான் வேண்டுமா?

பெரும்பாலும் வேண்டியதில்லை. 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியுடன் விண்டோஸ் 10க்கான வழமையான பாதுகாப்புத் திருத்தங்களை மைக்ரோசொப்ட் நிறுத்தியது. அதனால் கணினி நின்றுவிடாது. ஆனால் அதற்குப் பிறகு கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகள் அடைபடாமலே இருக்கும். பதிவு செய்துகொள்ளும் வீட்டுப் பாவனையாளருக்கு 2026 ஒக்டோபர் 13 வரை ஒரு நீடிப்பு உண்டு. அது மூச்சுவிடக் கிடைக்கும் அவகாசம், அவ்வளவுதான்.

விண்டோஸ் 11க்குப் போகலாமே என்று கேட்பீர்கள். அது டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப்பைக் கேட்கிறது. இன்டெல் செயலி என்றால் ஏறத்தாழ 8ஆம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தியது வேண்டும். 8ஆம் தலைமுறை வந்ததே 2017இன் பிற்பகுதியில்தான். எங்கள் வீடுகளில் ஓடுகிற லப்டொப்புகளில் கனக்க அதற்கு முந்தியவை. ஆறாம் தலைமுறை ஐ5 செயலியும் 8 ஜிபி ரம்மும் உள்ள ஒரு லப்டொப்பில் கடிதம் அடிக்கலாம், சூம் வகுப்புப் பார்க்கலாம், யூரியூப் பார்க்கலாம், கணக்கு வழக்கு வைக்கலாம். அதில் ஒரு பழுதும் இல்லை. இப்படிப்பட்ட பொருளைக் குப்பை என்று சொல்ல வைப்பது எனக்குக் கோபத்தைத் தருகிறது.

2022 நெருக்கடியின்போது டொலர் 200 ரூபாய் அளவிலிருந்து 360 ரூபாய் அளவுக்கு ஏறியதும், 2024 ஜனவரியில் வற் வரி 18 வீதமானதும் எல்லோருக்கும் நினைவிருக்கும். புதிய லப்டொப் ஒன்று இன்று ஒரு குடும்பத்தின் பல மாதச் சேமிப்பு. அந்தக் காசைத் தொட முன்னர் செய்யக்கூடிய காரியங்கள் உண்டு. உள்ளே சுழலும் ஹார்ட் டிஸ்க் இருந்தால் அதற்குப் பதிலாக எஸ்எஸ்டி, அதாவது சுழலும் பாகம் இல்லாத வேகமான டிஸ்க், போடுங்கள். ரம் 4 ஜிபி என்றால் 8 ஆக்குங்கள். விசிறியைத் தூசு தட்டி, செயலிக்கு மேலுள்ள காய்ந்த பசையை மாற்றச் சொல்லுங்கள். அப்புறம் லினக்ஸ். நீங்கள் விண்டோஸிலேயே இருக்கப் போகிறீர்கள் என்றாலும் எஸ்எஸ்டியை மட்டுமாவது மாற்றுங்கள். பழைய கணினிக்குச் செய்யக்கூடிய வேறு எந்தச் செலவும் இந்த அளவுக்குப் பலன் தராது.

எந்த லினக்ஸ்? பட்டியலைப் பார்த்தாலே தலை சுற்றுகிறது.

லினக்ஸ் மின்ட். லினக்ஸைப் பல குழுக்கள் பல பெயர்களில் தருகின்றன. முதல் முறை என்றால் வேறொன்றையும் தேடி அலைய வேண்டாம்.

இது 2006 முதல் இருக்கிறது. உபுண்டு என்ற இன்னொரு லினக்ஸின் நீண்டகால ஆதரவுப் பதிப்பின் மேல் கட்டப்பட்டது. மின்ட் 22 வரிசைக்கு 2029 ஏப்ரல் வரை திருத்தங்கள் வரும். சினமன் என்ற திரை முகப்பைத் தெரிவு செய்தால் கீழே பட்டை, இடது மூலையில் மெனு, வலது மூலையில் நேரம் என்று விண்டோஸ் 7 பாவித்த கைக்குப் பழக்கமாகவே இருக்கும். ரம் 4 ஜிபிதான் என்றால் எக்ஸ்எப்சிஇ முகப்பை எடுங்கள்.

உபுண்டுவில் எனக்கு மதிப்பு உண்டு. 2004இல் அது வந்திருக்காவிட்டால் சாதாரண வீடுகளுக்கு லினக்ஸ் வர இன்னும் கன காலம் எடுத்திருக்கும். ஆனால் மென்பொருட்களை ஸ்னாப் என்ற வடிவில் திணிக்கும் அதன் போக்கு எனக்குப் பிடிக்கவில்லை. பழைய கணினியில் அவை திறக்க நேரம் எடுக்கின்றன. நான் பாவிப்பது டெபியன். 1993 முதல் தன்னார்வலர்கள் நடத்தி வரும் அமைப்பு அது. லினக்ஸில் கொஞ்சம் பழகிய பிறகு அந்தப் பக்கம் வாருங்கள். 32 பிட் செயலி உள்ள மிகப் பழைய இயந்திரங்களை நான் இப்போது எடுப்பதில்லை. 2025இல் வந்த டெபியன் 13 கூட அவற்றில் நேரடியாக நிறுவும் வசதியை விட்டுவிட்டது.

இவ்வளவையும் சும்மா தருகிறார்கள் என்றால் உள்ளே ஏதும் விசயம் இருக்குமோ?

கேட்க வேண்டிய கேள்விதான். 1983இல் ரிச்சர்ட் ஸ்டால்மன், யாரும் பாவிக்கவும் மாற்றவும் கூடிய இயங்குதளம் ஒன்றை எழுதும் க்னூ திட்டத்தை அறிவித்தார். 1991இல் பின்லாந்தில் மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸ் கருவை, அதாவது இயங்குதளத்தின் மையப் பகுதியை, வெளியிட்டார். மூல நிரலை, அதாவது மென்பொருள் எழுதப்பட்டிருக்கும் கட்டளைகளை, யாரும் பார்க்கலாம், மாற்றலாம், மற்றவருக்குக் கொடுக்கலாம், கொடுக்கும்போது அதே உரிமையையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும் என்பதுதான் அதன் உரிமத்தின் சாரம். இன்று இன்டெல், ரெட் ஹட், கூகிள் போன்ற பெரிய கொம்பனிகள் சம்பளம் கொடுத்துப் பொறியியலாளர்களை இதில் வைத்திருக்கின்றன, ஏனென்றால் அவர்களுடைய சேர்வர்களே இதில்தான் ஓடுகின்றன. உலகின் அதிவேகமான 500 மீக்கணினிகளும் 2017 நவம்பர் முதல் லினக்ஸில்தான். சும்மா கிடைப்பதால் தரம் குறைந்தது என்ற பயம் தேவையில்லை.

எங்களுக்குக் கிட்டவும் பார்க்கலாம். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பின் காணாமல் போனவர்களையும் முகாம்களையும் நிவாரணப் பொருட்களையும் பதிவு செய்ய இலங்கைத் தன்னார்வலர்கள் எழுதிய சகானா மென்பொருள் திறந்த மூலமாகவே வெளியிடப்பட்டு, பிறகு வேறு நாடுகளின் அனர்த்தங்களிலும் பயன்பட்டது. 2005இல் தொடங்கிய நூலகம் இணையத்தளம் ஈழத்து நூல்களையும் பத்திரிகைகளையும் மின்வடிவில் சேர்த்து வைத்திருக்கிறது. அது இயங்குவது விக்கிப்பீடியாவை இயக்கும் அதே மீடியாவிக்கி மென்பொருளில். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்ததைக் கண்ட ஊர் இது. எங்கள் எழுத்துகளைக் காக்கும் ஒரு வேலை, எந்தக் கொம்பனியின் அனுமதியும் தேவைப்படாத மென்பொருளின் மேல் நிற்பது எனக்குப் பெரிய ஆறுதல்.

மாமா பாரிசிலிருந்து கொண்டுவந்த லப்டொப். கீபோர்ட் எழுத்தெல்லாம் இடம் மாறிக் கிடக்கிறது. என்ன செய்யலாம்?

பிரான்ஸ் கீபோர்ட்டில் ஏ இருக்க வேண்டிய இடத்தில் கியூ இருக்கும், இலக்கங்களுக்கு சிப்ட் அழுத்த வேண்டும். சுவிஸ், ஜேர்மனி கீபோர்ட்டில் வையும் இசட்டும் மாறியிருக்கும். லினக்ஸ் நிறுவும்போதே எந்த விசை அமைப்பு வேண்டும் என்று கேட்கும். அமெரிக்க ஆங்கிலம் என்று கொடுத்துவிட்டால் அச்சிட்ட எழுத்து எதுவாக இருந்தாலும் விசைகள் எங்கள் பழக்கப்படி வேலை செய்யும். பார்த்து அடிப்பவர் என்றால் கடையில் ஒட்டும் ஸ்ரிக்கர் வாங்கலாம். தமிழ் அடிப்பவருக்கு இதுவும் தேவையில்லை, விரல்தானே இடத்தை அறியும்.

வெளிநாட்டிலிருந்து வரும் பொருட்களைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்கள் வீடுகளில் பாதிக் கணினி அப்படித்தான் வருகிறது.

வேலையிடத்தில் கழித்துவிட்ட லப்டொப் என்றால், அனுப்ப முன்னர் பயோஸ் கடவுச்சொல்லை (கணினி துவங்கும்போதே கேட்பது) எடுத்துவிட்டார்களா, நிறுவனத்தின் மேலாண்மைப் பதிவிலிருந்து அதை நீக்கினார்களா என்று கேளுங்கள். இங்கே வந்த பிறகு அதை அகற்றுவது பெருங்கரைச்சல்.

மக்புக் என்றால் ஆண்டைப் பாருங்கள். 2017 வரையானவற்றில் பெரும்பாலானவை லினக்ஸில் நன்றாக ஓடும். ஆனால் பலவற்றில் வைபை நிறுவிய உடனே வேலை செய்யாது. உங்கள் அன்ட்ரொய்ட் போனை யூஎஸ்பி வயரில் இணைத்து அதன் டேட்டாவைக் கணினிக்குக் கொடுத்தால், வைபையை இயக்கும் மென்பொருளான டிரைவரை இறக்கிக்கொள்ளலாம். அப்பிளின் டி2 என்ற பாதுகாப்புச் சிப் உள்ள 2018 முதல் 2020 வரையான மொடல்களுக்குத் தனியாக மாற்றியமைத்த கரு வேண்டும். புதிதாகத் தொடங்குபவர் அதில் கை வைக்க வேண்டாம். இன்டெல் மக்குகளுக்கு மக்ஓஎஸ் 26தான் கடைசிப் பதிப்பு என்று அப்பிள் 2025இல் சொல்லிவிட்டது. ஆகவே இனி நிறைய இன்டெல் மக்புக்குகள் இந்தப் பக்கம் வரும்.

குரோம்புக் (கூகிளின் குரோம்ஓஎஸ் ஓடும் லப்டொப்) என்றால் எத்தனையாம் ஆண்டு வரை திருத்தம் வரும் என்பதை முதலில் பாருங்கள். 2023இல் கூகிள் இதைப் 10 ஆண்டுகளாக நீடிப்பதாக அறிவித்தது. திகதி இருக்கும்வரை அப்படியே பாவியுங்கள். பல மொடல்களில் 32 ஜிபி இடம்தான் இருக்கும், அதை மாற்றவும் முடியாது.

தமிழில் எப்படி அடிப்பது? எனக்குப் பாமினி மட்டும்தான் தெரியும்.

இந்தக் கேள்விக்குத்தான் நான் நீளமாகப் பதில் சொல்ல விரும்புகிறேன்.

பாமினி ஓர் எழுத்துரு மட்டுமே. திரையில் "அம்மா" என்று தெரியும்போது கணினியின் உள்ளே இருப்பது நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் அந்த அரைப்புள்ளியும் ஆங்கில எழுத்துகளும்தான் தெரியும். தேட முடியாது, அகரவரிசைப்படுத்த முடியாது, போனில் வாசிக்க முடியாது, குருடருக்கு வாசித்துக் காட்டும் மென்பொருளுக்கும் அது விளங்காது. கோயில் மலர்கள், பாடசாலை நூற்றாண்டு மலர்கள், சங்கங்களின் அறிக்கைகள், ஆசிரியர்கள் ஆண்டுக்கணக்காகத் தயாரித்த வினாத்தாள்கள் என்று எங்கள் ஊரின் எழுத்தில் பெரும்பகுதி இப்படிப் பூட்டுப்பட்டுக் கிடக்கிறது. எழுதியவர் ஓய்வு பெற்று, கணினி மாறி, எழுத்துருவும் தொலைந்தால் அந்த பைலை யார் திறப்பார்கள்?

ஆகவே எந்த இயங்குதளத்தில் இருந்தாலும் முதலில் யூனிகோடுக்கு, அதாவது எல்லாக் கணினியும் போனும் ஒரே மாதிரி வாசிக்கும் எழுத்துக் குறிமுறைக்கு, மாறுங்கள். லினக்ஸுக்கு மாறுவதைவிட இது எனக்கு முக்கியம். விண்டோஸிலேயே இருந்து யூனிகோடில் எழுதுகிறேன் என்றால் எனக்கு முழுச் சந்தோசம்.

விரல் பழக்கத்தை இழக்க வேண்டியதில்லை. இலங்கையின் தமிழ் விசைப்பலகைத் தரம் ரெங்கநாதன் அமைப்பு, எஸ்எல்எஸ் 1326 என்ற எண்ணில் அறிவிக்கப்பட்டது. தட்டச்சு இயந்திர வழியில் வந்த அமைப்பு என்பதால் பாமினியில் பழகியவருக்கு அந்நியமாகத் தோன்றாது. லினக்ஸில் ஐபஸ் என்ற உள்ளீட்டுக் கருவியையும் அதனுடன் எம்17என் பொதியையும் நிறுவினால் ரெங்கநாதன், தமிழ் 99, ஒலிபெயர்ப்பு, பழைய தட்டச்சு எல்லாம் ஒரே பட்டியலில் வரும். புதிதாகப் பழகும் பிள்ளைகளுக்குத் தமிழ் 99ஐச் சொல்லுங்கள். இடது கையில் உயிர், வலது கையில் மெய் என்ற ஒழுங்கு சீக்கிரம் பிடிபடும். ஆங்கில எழுத்தில் அடித்துத் தமிழாக்குவது அவசரத்துக்குச் சரி. தினமும் பக்கம் பக்கமாக எழுதுபவருக்கு அது மெதுவான வழி.

பழைய பாமினி பைல்களை யூனிகோடாக மாற்றும் கருவிகள் இணையத்தில் இலவசமாக உண்டு. மாற்றிய பின் ஒருக்கால் வடிவாக வாசித்துப் பாருங்கள். இடையில் வரும் ஆங்கிலச் சொற்களும் இலக்கங்களுக்கு அருகிலுள்ள குறிகளும் குழம்பியிருக்கும். மூல பைலை அழிக்க வேண்டாம். அதன் ஒரு பிடிஎப் பிரதியையும் சேர்த்து வையுங்கள்.

எம்எஸ் ஒப்பிஸ் இல்லாமல் எப்படி?

லிப்ரே ஒப்பிஸ் மின்ட்டுடன் சேர்ந்தே வரும். 2010இல் ஓப்பன் ஒப்பிஸிலிருந்து பிரிந்து வளர்ந்தது. கடிதம், சுயவிபரம், கணக்குத் தாள், சாதாரணப் படவில்லைகள் எல்லாவற்றுக்கும் போதும். வேர்ட் பைல்களைத் திறக்கும், அந்த வடிவிலேயே சேமிக்கும். சிக்கலான அட்டவணைகள், எக்செல் மக்ரோக்கள் (வேலையைத் தானாகச் செய்யும் சிறு நிரல்கள்), படங்களைச் சுற்றி எழுத்து ஓடும் பக்கங்கள் சில வேளை இடம் பெயரும். அதனால் யாருக்காவது அச்சிடக் கொடுக்கும்போது பிடிஎப் ஆக்கிக் கொடுங்கள். கொமினிகேஷன் கடையில் உங்கள் பக்கம் சிதறுவதற்கு முக்கால்வாசிக் காரணம் எழுத்துரு அங்கே இல்லாததுதான்.

உங்கள் வேலையிடம் எக்செல் மக்ரோக்களில் ஓடுகிறது என்றால் அந்த வேலைக்கு விண்டோஸை வைத்துக்கொள்ளுங்கள். ஒரே கணினியில் இரண்டையும் வைத்துக்கொள்ளவும் முடியும்.

மகள் உயர்தரத்தில் ஐசிடி படிக்கிறாள். பாடத்துக்குக் கரைச்சல் வருமா?

உதவியாகவே இருக்கும். பைதன் நிறுவாமலே தயாராக இருக்கும். தரவுத்தளம், வலைத்தளம் அமைத்தல் பகுதிகளுக்கு வேண்டிய கருவிகள் எல்லாம் லினக்ஸில் கிடைக்கும். இயங்குதளம் என்ற பாடப்பகுதியை மனனம் செய்வதற்குப் பதிலாக, ஓடுகிற செயல்முறைகளையும் நினைவகப் பகிர்வையும் அவள் நேரில் பார்க்கலாம். ஒன்று மட்டும்: பாடசாலைக் கணினி அறையில் விண்டோஸும் வேர்டும் இருக்கும். பரீட்சைக்கு முன் அவற்றின் மெனுக்களிலும் அவளுடைய கை பழகியிருக்க வேண்டும்.

தம்பிக்கு விளையாட்டுத்தான் முக்கியம் என்றால் நிலைமை வேறு. விளையாட்டுகள் விற்கும் ஸ்ரீம் தளத்தில் உள்ளவற்றில் நிறைய, விண்டோஸ் விளையாட்டுகளை லினக்ஸில் ஓட்டுவதற்கு 2018இல் வந்த புரோட்டன் மூலம் ஓடும். வலோரன்ட், போர்ட்நைட் போன்றவை அவற்றின் ஏமாற்றுத் தடுப்பு முறை காரணமாக ஓடாது.

கடையில் கிராக் விண்டோஸ் போட்டுத் தருகிறார்களே, அதில் என்ன பிழை?

இரண்டு பிழைகள். ஒன்று, 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி மென்பொருளும் பாதுகாக்கப்பட்ட ஆக்கம். இரண்டு, அந்தப் பூட்டுடைக்கும் நிரலை இயக்க முதலில் வைரஸ் காவலை நிறுத்தச் சொல்வார்கள். யார் எழுதியதென்றே தெரியாத ஒரு நிரலுக்குக் கணினியின் முழு அதிகாரத்தையும் கொடுத்துவிட்டு, அதே கணினியில் வங்கிக் கணக்கைத் திறக்கிறோம். வெளிநாட்டிலிருந்து பிள்ளைகள் அனுப்பும் காசு வந்து விழுகிற கணக்கு அது. இதைச் செய்யும் கடைக்காரர்களில் பலர் நல்ல மனிதர்கள், வாடிக்கையாளர் கேட்பதைக் கொடுக்கிறார்கள். கேட்கும் நாங்கள் மாற வேண்டும்.

லினக்ஸுக்கு வைரஸ் வராதா?

வரவே வராது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். எங்கள் ஊரில் அதிகம் படுத்துகிற பென்டிரைவ் வைரஸ், அதாவது போல்டர்களை மறைத்து ஷோர்ட்கட்டாகக் காட்டுவது, விண்டோஸுக்கு எழுதப்பட்டது. லினக்ஸில் அது உயிரற்ற பைல். பென்டிரைவில் மறைந்து கிடக்கும் வினாத்தாளை மீட்கவே பலர் என்னிடம் வருகிறார்கள். லினக்ஸில் செருகியதும் எல்லாம் அப்படியே தெரியும்.

ஆனால் திறந்த மூலத்துக்கும் ஆபத்து உண்டு. 2024 மார்ச்சில் எக்ஸ்இசட் என்ற, பைல்களைச் சுருக்கும் சிறிய நிரலுக்குள், நெடுங்காலம் நல்லவர் போல நடித்து நம்பிக்கை பெற்ற ஒருவர் பின்கதவு (இரகசியமாக உள்ளே நுழையும் வழி) ஒன்றை வைத்திருந்தது தெரியவந்தது. அன்ட்ரெஸ் பிரொயின்ட் என்ற பொறியியலாளர், தூரத்திலிருந்து ஒரு கணினிக்குள் நுழைய அரை வினாடி கூடுதலாக எடுக்கிறதே என்று தோண்டிப் பார்த்தபோது அகப்பட்டது. நிரல் திறந்திருந்ததால்தான் அவரால் தோண்ட முடிந்தது. அதே நேரம், அந்தச் சிறிய நிரலைக் களைத்துப் போன ஒரே ஒரு தன்னார்வலர்தான் பராமரித்து வந்தார். நாங்கள் எல்லோரும் பாவிக்கிற ஒன்றை ஒருவர் தோளில் விட்டிருந்தோம் என்பதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. முடிந்தவர்கள் தாங்கள் பாவிக்கும் திட்டங்களுக்கு ஒரு சிறு தொகையாவது அனுப்ப வேண்டும் என்று அதனால்தான் சொல்கிறேன்.

பாவனையாளர் செய்ய வேண்டியது சின்ன வேலை. மென்பொருளை மின்ட்டின் சொந்தக் களஞ்சியத்திலிருந்து மட்டும் இறக்குங்கள், வரும் திருத்தங்களைப் போடுங்கள்.

ஸ்ரூடியோ வைத்திருக்கிறேன். நானும் மாறலாமா?

வேண்டாம். கல்யாண வீடு, சாமத்திய வீட்டு அல்பங்கள் போட்டோஷொப்பில் ஓடுகின்றன. அச்சகம் அதே பைலைத்தான் கேட்கும். கண்ணீர் அஞ்சலிப் பதாகை இரவோடிரவாக முடிய வேண்டும். படம், வடிவமைப்பு, வீடியோ வேலைக்கு லினக்ஸில் உள்ள கிம்ப், இங்க்ஸ்கேப், கேடென்லைவ் நல்ல கருவிகள், தமிழையும் சரியாகக் காட்டும், ஆனால் பிழைப்பு நடக்கிற இடத்தில் திடீரென்று கருவியை மாற்றுவது பொறுப்பில்லாத ஆலோசனை. பில் போடும் இரண்டாவது கணினியில் வேண்டுமானால் தொடங்குங்கள்.

பிரின்டர்?

எச்பி மொடல்களில் பெரும்பாலானவை உடனே வேலை செய்யும். வைபை உள்ள புதிய பிரின்டர்கள் எந்தக் கொம்பனியாக இருந்தாலும் பொதுவாக டிரைவர் இல்லாமலே அச்சிடும். கேனன் எல்பிபி 2900 போன்ற பழைய லேசர்கள் லினக்ஸில் கஷ்டம். வீட்டில் அது இருந்தால் மாற முன்னர் யோசியுங்கள்.

அன்ட்ரொய்ட்டும் லினக்ஸ்தானே? அப்போது என் போன் ஏற்கெனவே திறந்த மூலம்தானே?

கரு லினக்ஸ்தான். ஸ்மார்ட் ரீவியும் அப்படியே: சம்சுங்கின் டைசன், எல்ஜியின் வெப்ஓஎஸ் இரண்டுமே லினக்ஸ் கருவில் நிற்பவை. வீட்டு றவுட்டரும் பெரும்பாலும் அதுதான். ஆனாலும் அவை உங்களுடைய கட்டுப்பாட்டில் இல்லை. சிப்புக்கான டிரைவர்கள் மூடியவை, துவக்கியில் பூட்டு, கொம்பனி திருத்தம் கொடுப்பதை நிறுத்தினால் அத்துடன் சரி. லினேஜ் ஓஎஸ் போன்ற மாற்று அன்ட்ரொய்ட் பதிப்புகள் சில மொடல்களுக்குப் புத்துயிர் கொடுக்கின்றன. இரண்டாவது போனில் முயலுங்கள். வங்கிச் செயலி உள்ள போனில் வேண்டாம், பல வங்கிச் செயலிகள் மாற்றிய அன்ட்ரொய்ட்டில் திறக்க மறுக்கும்.

போன் வாங்கும்போது கமராவின் மெகாபிக்சலைப் பார்க்க முன்னர் எத்தனை ஆண்டு பாதுகாப்புத் திருத்தம் என்று கேளுங்கள். கூகிள் 2023இல் பிக்சல் 8க்கும், சம்சுங் 2024இல் எஸ்24க்கும் 7 ஆண்டுகள் என்று உறுதி கொடுத்தன. விலை குறைந்த மொடல்கள் பலவற்றில் இது குறைவு. இரண்டு ஆண்டில் கைவிடப்படும் புதிய போனைவிட, இன்னும் நான்கு ஆண்டு திருத்தம் மீதமுள்ள பாவித்த போனை நான் பரிந்துரைப்பேன்.

வெளிநாட்டிலிருந்து வரும் போனுக்கு இரண்டு பூட்டுகள் இருக்கலாம். வலையமைப்புப் பூட்டு: கனடாவில் 2017 டிசம்பருக்குப் பிறகும் பிரித்தானியாவில் 2021 டிசம்பருக்குப் பிறகும் பூட்டிய போன்களை விற்க முடியாது என்பதால், அதற்குப் பிறகு அங்கே வாங்கியவற்றில் இந்தப் பயம் குறைவு. மற்றது கணக்குப் பூட்டு. அனுப்புகிறவர் தன் ஐகிளவுட் அல்லது கூகிள் கணக்கிலிருந்து வெளியேறி, முழுதாக அழித்துவிட்டுத் தர வேண்டும். அவர் விமானம் ஏற முன்னர் வட்ஸ்அப்பில் இதைக் கேட்டுவிடுங்கள்.

ரீவி பற்றி ஒரு வரி: நல்ல திரையைப் பார்த்து வாங்குங்கள், உள்ளே உள்ள செயலிகளுக்காக வாங்க வேண்டாம். செயலிகள் பழசாகும்போது சின்னப் பெட்டி ஒன்றைச் செருகினால் போதும்.

கரண்ட் போனால், டேட்டா முடிந்தால் லினக்ஸ் தாங்குமா?

திடீரென்று மின் போனாலும் அதன் கோப்பு முறைமை, செய்யும் மாற்றங்களுக்கு ஒரு குறிப்பேடு வைத்திருப்பதால் பெரும்பாலும் தானாகவே சரிசெய்துகொண்டு எழும். ஆனாலும் மேசைக் கணினிக்கு யூபிஎஸ் வேண்டும், ஒக்டோபர், நவம்பர் இடி மின்னல் நேரத்தில் வயரைக் கழற்றி வைக்க வேண்டும். இதற்கு எந்த இயங்குதளமும் விதிவிலக்கில்லை.

டேட்டா விசயத்தில் மின்ட் எனக்குப் பிடித்த முறையில் நடக்கிறது. திருத்தம் இருக்கிறது என்று சொல்லும், நீங்கள் அழுத்தும்வரை காத்திருக்கும். சிம் போட்ட றவுட்டரில் இணையம் பாவிக்கும் வீட்டில் அது பெரிய விசயம். இரவு டேட்டா தொடங்கிய பின் போட்டுக்கொள்ளலாம். வகுப்பு நடுவில் தானாக மறுதொடக்கம் செய்யாது.

2022இல் ஒரு நாளில் 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்த காலத்தையும், அதற்கு முந்திய 90களையும் பார்த்த சனம் நாங்கள். பொருளாதாரத் தடைக்குள் சைக்கிள் டைனமோவில் வானொலி கேட்டு, மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டிய ஊர். திருத்திப் பாவிக்கும் அறிவு எங்களிடம் எப்போதும் இருந்தது. திருத்த விடாத பொருட்களைத்தான் இப்போது எங்களுக்கு விற்கிறார்கள், அதை அப்படியே ஏற்றுக்கொள்ள என்னால் முடியவில்லை.

பிரச்சினை வந்தால் யாரிடம் கேட்பது?

பிழைச் செய்தியை அப்படியே தேடினால் பெரும்பாலும் விடை ஆங்கிலத்தில் கிடைக்கும். தமிழில் படிக்க, 2012 முதல் வெளிவரும் கணியம் இதழ் கட்டற்ற மென்பொருள் பற்றி நிறைய வைத்திருக்கிறது. பல்கலைக்கழகத்திலோ தொழில்நுட்பக் கல்லூரியிலோ கணினி படிக்கும் ஒரு பிள்ளை உங்கள் ஒழுங்கையிலேயே இருப்பார், அவரைக் கேளுங்கள். அவருக்கும் கை பழகும்.

எதையும் அழிக்காமல் ஒருக்கால் பார்க்க முடியுமா?

முடியும், அப்படித்தான் தொடங்க வேண்டும். மின்ட்டின் ஏறத்தாழ 3 ஜிபி அளவுள்ள பைலை இறக்கி, ரூபஸ் அல்லது எச்சர் என்ற இலவச மென்பொருள் மூலம் 8 ஜிபி பென்டிரைவில் எழுதுங்கள். பென்டிரைவில் முன்பு இருந்தவை அழிந்துவிடும், கவனம். கணினியை அதிலிருந்து துவக்கினால் ஹார்ட் டிஸ்கைத் தொடாமல் மின்ட் ஓடும். பென்டிரைவிலிருந்து ஓடுவதால் கொஞ்சம் மெதுவாக இருக்கும். வைபை வருகிறதா, சத்தம் கேட்கிறதா, கமரா தெரிகிறதா, மூடியை மூடித் திறந்தால் எழும்புகிறதா, பிரின்டர் அச்சிடுகிறதா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். எல்லாம் சரி என்றால் படங்களையும் ஆவணங்களையும் வெளி டிஸ்க் ஒன்றில் பிரதி எடுத்து, அந்தப் பிரதி திறக்கிறதா என்று வேறொரு கணினியில் பார்த்த பிறகு நிறுவும் பொத்தானை அழுத்துங்கள்.